மாடில்லாத வீட்டில் ஒரு கழுநீர்த் தொட்டி

இன்று காலையிலும் கேட்டார்கள். இட்லி ஆறுவதற்குள் மூன்று பேர். "சார், எப்போ வரும்?" எது என்று அவர்களும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. கல்வராயன் மலையில் காட்டோரமாக எட்டுக் குடில்கள் கட்டி, ஒவ்வொன்றிலும் கட்டிலுக்கு நேரே சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்து, அபூர்வ விலங்குகளுக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கலாம் என்று விளம்பரமும் செய்துவிட்டால் வருகிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதற்காகத்தான் எனக்குச் சம்பளம். நான் இந்த ஓட்டலின் மேனேஜர்.

முன்பெல்லாம் "மன்னிக்கணும் சார், நேத்து மழை, அதனாலதான் வரலை" என்பேன். மழை இல்லாவிட்டால், "வெயில் ஜாஸ்தி, அதனாலதான் வரலை." இரண்டும் இல்லாத நாளில், பக்கத்துக் குடிலில் பாட்டு வைத்தவர்கள் மேல் பழியைப் போடுவேன். கரடிக்காக, காட்டெருமைக்காக, கடமானுக்காக, தேவாங்குக்காக, நானே இதுவரை கண்ணால் பார்த்திராத அழுங்கு என்கிற எறும்புத்தின்னிக்காக என்று ஒவ்வொன்றின் சார்பிலும் நான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். இந்த முப்பது வருடத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு என் மனைவியிடம் கேட்டிருந்தால் வீட்டில் எனக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும்.

இதற்கு முன்னால் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்தேன். இருபத்திரண்டு வருடம். வாய்தாவுக்கு வந்தவர்கள், பெண் பார்க்க வந்தவர்கள், விதை விற்க வந்தவர்கள் தங்குவார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரு வாளி வெந்நீர், ஓடுகிற ஃபேன். அங்கே இருந்த ஒரே வனவிலங்கு மூட்டைப்பூச்சி. அது வரக்கூடாது என்பதுதான் எல்லோருடைய கோரிக்கையும். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி, லிஃப்ட் வைத்த புது லாட்ஜுகள் வந்தபின் எங்கள் லாட்ஜை இடித்துவிட்டார்கள். ஐம்பத்து நான்கு வயதில், முட்டிவலியோடு, மலையேறி வந்தேன். அங்கே வந்ததற்காகத் திட்டு வாங்கினேன், இங்கே வராததற்காக வாங்குகிறேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

முதல் எட்டு மாதத்தில் எங்கள் கண்ணாடிகளுக்கு முன்னால் வந்தவை குரங்குகள். ஒரு தடவை காட்டுப்பன்றி ஒன்று தன் பின்பக்கத்தை மட்டும் காட்டிவிட்டுப் போனது. சென்னையிலிருந்து முதலாளி வாரம் இரண்டு முறை போன் செய்து, "எதாவது வந்துதா?" என்று கேட்பார். வந்த விருந்தாளிகளைத்தான் கேட்கிறார் என்று ஆரம்பத்தில் நினைத்துக்கொண்டேன். சீக்கிரத்திலேயே புரிந்துவிட்டது. விலங்கு வராவிட்டால் ஓட்டலை மூடிவிடுவதாகவும் ஒருநாள் சொன்னார். அதற்கும் மன்னிப்புக் கேட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் புதிய சமையல்காரம்மா வந்து சேர்ந்தாள். களமருதூர்ப் பக்கம். சொந்த நிலம் கிடையாது, நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவள். கைப்பக்குவம் நன்றாக இருக்கும் என்று கீழே யாரோ சொல்லி அனுப்பினார்கள். வந்த முதல் நாள் அரிசியைக் களைந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ப் பாத்திரத்தோடு சமையலறைக் கதவில் நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணே, தொட்டி எங்க?"

"இன்னா தொட்டி?"

"கழனித்தண்ணி தொட்டி. இத்த எங்க ஊத்தறது?"

"சிங்க்ல ஊத்தும்மா."

அவள் என்னைப் பார்த்த பார்வையில், பாலை ஊற்றச் சொன்னேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. "அரிசி கழுவின தண்ணியப் போயி சாக்கடையில ஊத்துவாங்களா? இன்னாண்ணே நீங்களும் விவசாயக் குடும்பம்தான?" என்றாள். என் வீட்டிலும் கழுநீர் கீழே போனது கிடையாது. அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, காய்த் தோல் எல்லாம் மாட்டுத் தொட்டிக்குத்தான் போகும். வீட்டில் மாடு இல்லாதவர்கள்கூடப் பக்கத்து வீட்டுத் தொட்டியில் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வருவார்கள். ஆனால் இது ஓட்டல். இங்கே மாடு கிடையாது என்று சொன்னேன். ஒரு வாரத்தில் கட்டட வேலையில் மிச்சமாகிக் கிடந்த ஒரு சிமெண்ட் கிணற்று உறையைச் சமையலறைக்குப் பின்னால் உருட்டிக்கொண்டுபோய், அடியைப் பூசி, தொட்டி ஆக்கிவிட்டாள். கழுநீரோடு தினம் ஒரு பிடி கல்லுப்பும் போடுவாள்.

அதைக் குடிக்க ஆள் வேண்டுமே. எங்களுக்குப் பால் ஊற்றுகிறவர் கீழே சரிவில் உள்ள சிற்றூரில் இரண்டு மாடு வைத்திருந்தார். என் வயதுக்கு நாலைந்து வருடம் குறைவாக இருக்கும். காலையில் மொபெட்டில் பாலைக் கொண்டுவந்து ஊற்றிவிட்டு, போகும்போது காலிக் கேனில் கழுநீரை மொண்டுகொண்டு போவார். "மாடில்லாத வூட்ல தொட்டி வச்ச மொத ஆளு நீதாம்மா" என்று அவளைக் கிண்டல் செய்வார். "மாடிருந்தும் தொட்டி ரொப்பாதவங்களுக்கு நான் தேவல" என்பாள் அவள். இரண்டு பேரும் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டு டீ குடிப்பதுதான் அந்த நாட்களில் எனக்குக் கிடைத்த பொழுதுபோக்கு.

ஐப்பசிக் கடைசியில் ஒரு வாரம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. பாதையில் மண் சரிந்து பால்காரர் நடந்தே வர வேண்டியிருந்தது. பாலைத் தலையில் சுமந்து வந்தவரால் கழுநீரைச் சுமந்து இறங்க முடியவில்லை. தொட்டி நிரம்பி, புளித்து, அந்த வாடை மழைக்காற்றோடு காட்டுக்குள் போயிருக்க வேண்டும். நாலாவது நாள் காலை ஏழு மணிக்குச் சமையல்காரம்மா ரிசப்ஷனுக்கு வந்து, கையைப் பிசைந்துகொண்டு, தணிந்த குரலில் சொன்னாள்.

"அண்ணே, யாரோ மாட்ட அவுத்து வுட்டுட்டாங்க போல. பெரிய மாடு. நம்ம தொட்டியில குடிச்சிக்கினு இருக்குது. வூட்டுக்காரங்க தேடிக்கினு இருப்பாங்க, பாவம்."

போய்ப் பார்த்தேன். சமையலறை ஜன்னல் முழுவதும் கறுப்பாக இருந்தது. அது சுவரில்லை, முதுகு என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முழங்காலுக்குக் கீழே நாலு கால்களும் வெள்ளை. தலையைத் தொட்டிக்குள் விட்டு அது உறிஞ்சிய சத்தம் வீட்டு மாடு குடிக்கும் அதே சத்தம்தான். ஒற்றைக் காட்டெருமை, கிழடு. ஒரு கொம்பின் நுனி உடைந்திருந்தது. நான் அசையவில்லை. குடித்து முடித்து, மூக்கை நாக்கால் துழாவி நக்கிக்கொண்டு, எங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு உன்னிச்செடிப் புதருக்குள் இறங்கிப் போய்விட்டது.

"இது காட்டெருமைம்மா" என்றேன்.

"எருமையா? மூஞ்சப் பாருங்க, மாடுதான்" என்றாள். பேர்தான் எருமை, இனத்தில் அது மாடுதான் என்று பின்னாளில் வனத்துறைக்காரர்களும் சொன்னார்கள்.

அன்று ஓட்டலில் இருந்தது ஒரே ஒரு தம்பதி. பணி ஓய்வு பெற்றவர்கள். அந்த அம்மா ஜன்னலோரம் நின்று பார்த்துவிட்டு அழுதுவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். இந்த வேலைக்கு வந்தபின் எனக்குக் கிடைத்த முதல் நன்றி அது.

மறுநாளும் அதே ஏழு மணிக்கு வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. முதலாளி அடித்துப் பிடித்துக்கொண்டு சென்னையிலிருந்து வந்து, கண்ணால் பார்த்து, உச்சி குளிர்ந்துபோனார். முன்பக்கம் இருந்த சாப்பாட்டு மேசைகள் பின்பக்கம் போயின. பின்சுவரை இடித்துக் கண்ணாடி போட்டார்கள். தொட்டி தொட்டியாகத் தெரியக்கூடாது என்று அதைச் சுற்றிக் கல் அடுக்கிச் செடி வைத்து, விளம்பரத்தில் அதற்கு 'இயற்கை நீர்நிலை' என்று பெயரும் போட்டார். இயற்கை நீர்நிலைக்குள் சமையல்காரம்மா காலையில் கஞ்சி வடித்து ஊற்றிவிட்டு வருவாள். விருந்தாளிகள் பூரி சாப்பிட்டுக்கொண்டே பத்தடி தூரத்தில் காட்டெருமையைப் பார்த்தார்கள். கேட்டால், "அதுவாக வருது சார்" என்று சொல்லும்படி எனக்கு உத்தரவு. சொன்னேன்.

பால்காரருக்குக் கழுநீர் நின்றுபோனது. அதற்காக அவர் முகம் சுளிக்கவில்லை. ஆனால் ஒருநாள், பாலை அளந்து ஊற்றிவிட்டு, போகாமல் நின்றார்.

"சார், ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. இது தொட்டிக்குப் பழகிக்கினா அப்பறம் வுடாது. கீழ எங்க ஊர்ல வூட்டுக்கு வூடு தொட்டி இருக்குது. இங்க ஒரு நாளு கெடைக்கலன்னா அங்க வரும்."

"பாத்துக்கலாம்" என்றேன்.

பார்த்துக்கலாம் என்பது மேனேஜர்கள் சொல்வது. எதையும் பார்க்கப் போவதில்லை என்று அதற்கு அர்த்தம். அவர் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. எனக்கும் மாடு தெரியும், பழக்கமும் தெரியும். ஆனால் அந்த இரண்டு மாதமும் நான் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அது எவ்வளவு பெரிய ஓய்வு என்பது வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தவனுக்குத்தான் தெரியும். காலையில் எழுந்து யாருடைய முகத்தையும் தைரியமாகப் பார்க்கலாம். அந்த ஓய்வை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் அவ்வளவுதான் காரணம்.

பொங்கல் வந்தது. எட்டுக் குடிலும் நிறைந்து, இரண்டு குடும்பங்களுக்கு ஹாலில் படுக்கை போட்டேன். சமையல்காரம்மா ஊருக்குப் போயாக வேண்டும். மகள் வீட்டிலிருந்து பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். போகிக்கு முதல் நாள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பியவள், வாசல் கேட் வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"அண்ணே, தொட்டிய மறந்துடாதீங்க. கம்மியா ஊத்தினாலும் பரவால்ல, வெறுந்தொட்டியா வச்சிடாதீங்க. ஒரு பிடி உப்பு."

"சரிம்மா, நீ போ. பஸ் போயிடப் போவுது."

அவளுக்குப் பதிலாகச் சேலத்திலிருந்து இரண்டு சமையல்காரர்கள் வந்திருந்தார்கள். சுறுசுறுப்பான ஆட்கள். எல்லாவற்றையும் சிங்கில் ஊற்றினார்கள். அவர்களிடம் சொல்ல வேண்டியவன் நான். நான் சொல்லவில்லை.

போகி அன்று பனிக்குள்ளிருந்து அது ஏழு மணிக்கு வந்து நின்றது. தலையைத் தொட்டிக்குள் விட்டு மூச்சு விட்டது. வெறுந்தொட்டிக்குள் அந்த மூச்சு புஸ்ஸென்று திரும்பி வந்தது எனக்குக் கேட்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமாகப் பத்து நிமிடத்தில் குடித்துவிட்டுப் போகிற மாடு, குடிக்க ஒன்றும் இல்லாததால் அரைமணி நேரம் நின்றது. விருந்தாளிகளுக்கு ஏக சந்தோஷம், நிதானமாகப் படம் எடுக்க முடிந்ததே. உடனே ஆளைக் கூப்பிட்டு ஊற்றச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுந்தேன். மூன்றாம் நம்பரில் வெந்நீர் வரவில்லை என்றார்கள். அங்கே போனேன். அங்கிருந்து ஆறாம் நம்பர். அப்படியே மறந்துபோனது.

பொங்கல் அன்றும் அதே கதை. இரண்டாவது நாளும் மறந்தேன் என்றால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. நானும் நம்பவில்லை. தொட்டியைப் பார்த்தேன், காலி என்று தெரிந்தது. மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் தள்ளிப்போட்டேன். மத்தியானம் கால் வலித்தது. மாட்டுப்பொங்கல் காலையில் அது கொம்பைத் தொட்டி விளிம்பில் வைத்து ஒரு முறை நெட்டியது. அடுக்கிவைத்த கற்களில் இரண்டு உருண்டன. விருந்தாளிகள் ஓவென்று கத்தினார்கள். அன்று அது சீக்கிரமே போய்விட்டது.

பத்து மணிக்குப் போன் வந்தது. பால்காரரைக் காட்டெருமை தூக்கிப் போட்டுவிட்டது, ஆம்புலன்ஸில் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோகிறார்கள் என்றார்கள்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். காணும் பொங்கல் கூட்டத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டே மலையிறங்கி, ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு ரொட்டியும் வாங்கிக்கொண்டு வார்டைத் தேடிப் பிடித்தேன். தொடை எலும்பு முறிந்திருந்தது. காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். அவர் மனைவி கட்டிலுக்குக் கீழே பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் நான் ஒரு வாக்கியத்துக்குத் தயாராகிக்கொண்டே வந்தேன். 'அன்னிக்கே சொன்னேனே சார்' என்பார். நான் மன்னிச்சிடுங்க என்பேன். எனக்கு வராத வார்த்தையா என்ன.

அவர் அதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், வலியோடு சிரித்துக்கொண்டே. மாட்டுப்பொங்கல் அன்று எல்லோர் வீட்டிலும் தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, மாட்டுக்குப் படையல் வைத்த பிறகுதான் மறுபடி நிரப்புவார்கள். அவரும் குனிந்து, தலையைத் தொட்டிக்குள் விட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். முதுகில் சூடாக மூச்சுப் பட்டது. தன் மாடுதான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு அவசரப்படுகிறது என்று நினைத்து, திரும்பிப் பார்க்காமலே, "இருடி, இன்னும் கழுவல" என்று முழங்கையால் இடித்திருக்கிறார். அதற்குப் பிறகு வானத்தைப் பார்த்ததுதான் நினைவிருக்கிறது என்றார்.

"அதச் சொல்லிக் குத்தமில்ல சார். உங்க தொட்டியில குடிச்சிட்டு, பண்டிக நாளாச்சேன்னு எங்க வூட்டுக்கும் வந்துச்சி. வந்த மாட்டுக்கு வெறுந்தொட்டி. அதுல முழங்கையால வேற இடிச்சேன். கோவம் வராதா? நெறஞ்சிருந்தா அது பாட்டுக்குக் குடிச்சிட்டுப் போயிருக்கும். தப்பு எம்மேலதான்."

அவர் மனைவி தலையை ஆட்டினார். "காலையிலயே கழுவி முடிங்கன்னு நானும் சொல்லிக்கினேதான் இருந்தேன்" என்றார்.

எங்கள் தொட்டியில் அது குடிக்கவில்லை, மூன்று நாளாக ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை, அந்தப் பசியோடுதான் உங்கள் வீட்டுக்கு வந்தது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வராத விலங்குகளுக்காக ஊரெல்லாம் மன்னிப்புக் கேட்டவனுக்கு, வந்த ஒரு விலங்குக்காகக் கேட்க வாய் வரவில்லை. "உடம்பப் பாத்துக்குங்க" என்று சொல்லி, பழத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டு எழுந்தேன். "பாலுக்கு வேற ஆளு சொல்லியிருக்கேன் சார், நாளையிலேருந்து வரும்" என்று அவர் பின்னாலிருந்து சொன்னார். என் பால் நின்றுபோனதைப் பற்றி அவருக்குக் கவலை.

வனத்துறையிலிருந்து ஒரு பெண் வனவர் வந்தார். முப்பது வயதிருக்கும், அதட்டலே இல்லாத பேச்சு. செடிகளை விலக்கி, தொட்டி விளிம்பை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு" என்றார். பிறகு என்னை உட்காரச் சொன்னார். என் ஓட்டலில் என்னை உட்காரச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

"ஊருக்குள்ள புகுந்து ஆளை முட்டுற மாடுன்னு பேர் வந்துடுச்சுன்னா, ஊசி போட்டுப் பிடிச்சு வேற காட்டுல விடணும்னு பேச்சு கிளம்பும் சார். வயசான மாடு, அதைத் தாங்காது. ஏன் போச்சுன்னு எனக்குச் சரியாத் தெரிஞ்சா, அது பழையபடி காட்டுக்குள்ளயே இருக்க வழி பண்ணலாம்."

எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். எப்போது தொட்டி வைத்தோம், உப்பு, மூன்று நாள் காலி, சமையல்காரம்மா சொல்லிவிட்டுப் போனது, நான் செய்யாதது. தாளில் எழுதுவது எனக்குச் சுலபமாகத்தான் இருந்தது. தாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலாளி போனில் குதித்தார். "இயற்கை நீர்நிலைன்னு எழுதிட்டுப் போக வேண்டியதுதானே" என்றார். என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது. இந்தச் சம்பளத்துக்கு இந்த மலையில் வேறு ஆள் கிடைக்க மாட்டார்கள் என்பதால் விட்டுவிட்டார்.

ஊரிலிருந்து திரும்பிய சமையல்காரம்மாவுக்குக் கீழே பஸ் நிறுத்தத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவள் என்னைத் திட்டிய விதம். தொட்டியை உடைக்க ஆள் வந்தபோது கடப்பாரையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நான் வச்சது, நானே ஒடைக்கறேன்." நாலு போடு போட்டாள். உறை பிளந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அரிசி களைந்தாள்.

தொட்டி போனபின்பும் அது வந்தது. தொட்டி இருந்த இடத்து மண்ணை நக்கியது. உப்பு ஊறிய மண் அது. வனவர் சொல்லி அந்த மண்ணை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டியெடுத்து டிராக்டரில் கொண்டுபோய்க் கொட்டினோம். பிறகும் வந்து அந்தக் குழியருகில் நின்றது. பின்பக்கக் கண்ணாடிகளுக்குத் திரை போட்டு, அந்த ஏழு மணியில் ஒரு பாத்திரச் சத்தம்கூடக் கேட்காமல் எல்லோரும் உள்ளே உட்கார்ந்திருந்தோம். அது மூச்சு விடுகிற சத்தம் திரைக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கும். சமையல்காரம்மா காதைப் பொத்திக்கொள்வாள். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறைவாக நின்றது. தை முடிவதற்குள் வருவது நின்றுபோயிற்று. கீழ் ஊரிலும் எல்லாத் தொட்டிக்கும் மூடி போட்டிருந்தார்கள், அங்கேயும் அது வரவில்லை. மலைமேல் ஓடைப்பக்கம் அதைப் பார்த்ததாக வனவர் ஒருநாள் போனில் சொன்னார். நல்லபடியாக இருக்கிறதாம்.

முதலாளி சும்மா இருக்கவில்லை. "கரடிக்குப் பலாப்பழம்னா உசிராமே" என்று ஆரம்பித்தார். "அதை நான் செய்ய மாட்டேன் சார்" என்றேன். அவர் பேச்சை வேறு எதற்கோ மாற்றினார்.

கழுநீர் இப்போது மூடி போட்ட கேனில் பால்காரர் வீட்டுக்குப் போகிறது. ஓட்டல் ஜீப்பில் தினம் அனுப்பிவைக்கிறோம். மாசியில் ஒருநாள் ஜீப் டிரைவர் வராததால் நானே கேனோடு போனேன். அதாவது, டிரைவர் வராததை ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். மனதுக்குள் ஒரு மாதமாக அது அரித்துக்கொண்டிருந்தது. சாப்பாடு இறங்கவில்லை என்றெல்லாம் சொன்னால் பொய். இறங்கியது, ருசிக்கவில்லை.

அவர் வாசலில் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கைக்கெட்டும் தூரத்தில் ஊன்றுகோல். அவர் வீட்டுத் தொட்டி மேல் தகரத்தைப் போட்டு அதன்மேல் அம்மிக்கல்லை ஏற்றியிருந்தார்கள். மாடு இரண்டும் பிளாஸ்டிக் வாளியில் வாயை விட்டுக் குடித்தன. நான் கேனை இறக்கிவைத்துவிட்டு நின்றேன். உட்காரச் சொன்னார். உட்காராமல், தயார் செய்து வைத்த வாக்கியம் எதுவும் இல்லாமல், சொல்லிவிட்டேன். எங்கள் தொட்டி போகியிலிருந்தே காலி. அவள் சொல்லிவிட்டுப் போயும் நான் ஊற்றவில்லை, யாரையும் ஊற்றச் சொல்லவும் இல்லை. அது எங்கள் வீட்டில் குடித்துவிட்டு உங்கள் வீட்டுக்கு வரவில்லை. உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. என் தப்புதான். என்னை மன்னிச்சிடுங்க.

எத்தனையோ ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை. அன்றைக்கு அதற்குப் பின்னால் ஒரு காரணமும் சொல்லவில்லை.

அவர் தன் காலைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. தகரம் போட்ட தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாடு வாளியைத் தட்டிவிட்டது. அவர் மனைவி வந்து அதை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

"மூணு நாளும் வந்துச்சா சார்?"

"வந்துச்சு."

"நின்னுச்சா?"

"நின்னுச்சு. அரைமணி நேரம்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அவர் ஊன்றுகோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, திட்டுகிற குரலில் இல்லை, கேட்கிற குரலில் சொன்னார்.

"ஒரு வாளி பச்சத்தண்ணியாவது வச்சிருக்கலாமே சார்."

"வச்சிருக்கலாம்" என்றேன்.

காலிக் கேனை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். ஓட்டல் வாசலில் அன்று வந்திறங்கிய ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. குழந்தையைத் தூக்கி வைத்திருந்தவர் சிரித்துக்கொண்டே கேட்டார், "சார், காட்டெருமை எப்போ வரும்?"

"வராது" என்றேன். வழக்கமாகச் சொல்லும் வார்த்தையை அதோடு சேர்க்கவில்லை. சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, வெந்நீர் எந்தக் குழாயில் வரும் என்று காட்டினேன்.